பட்டுப்புழுவில் ஆரம்பித்த கதை

2014ல் மாற்றலாகி நாக்பூர் பக்கம் ஒரு கிளைக்கு வந்தேன். விவசாயக் கடன் மேஜை. வருகிற பருத்தி விவசாயிகள் எல்லோரும் "பீட்டி, பீட்டி" என்றார்கள். காமர்ஸ் படித்த எனக்குப் புகைக்கிற பீடிதான் ஞாபகம் வந்தது (சிரிக்காதீர்கள்!). அப்புறம் தேடிப் படித்தது இது.

1901. ஜப்பானில் பட்டுப்புழுக்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. இஷிவாட்டா என்ற விஞ்ஞானி அவற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். 1911ல் ஜெர்மனியில் பெர்லினர் என்பவர் மாவில் வரும் அந்துப்பூச்சியின் புழுவில் அதையே கண்டார். துரிங்கியா என்ற ஊர்ப்பகுதியின் பெயரால் அது பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் ஆனது. சுருக்கமாக பீட்டி. மண்ணில் சாதாரணமாக இருக்கிற கிருமிதான்.

பட்டு வளர்ப்பவருக்கு எமன், பயிர் வைப்பவருக்குக் காவல்காரன்! 1938ல் பிரான்சில் 'ஸ்போரீன்' என்று விற்பனைக்கே வந்துவிட்டது. சூட்சுமம் என்னவென்றால், இந்தக் கிருமி ஒரு புரதப் படிகத்தை உண்டாக்குகிறது. புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் அது கரைந்து, குடலையே ஓட்டை போடுகிறது. நம் வயிற்றில் இருப்பது அமிலம், அதனால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை.

தெளித்தால் வெயிலில் சில நாளில் வீரியம் போய்விடும். அதனால் அந்த மரபணுவைப் பருத்திக்குள்ளேயே வைத்தார்கள். அமெரிக்காவில் 1996, இந்தியாவில் 2002. இப்போது செடியில் எந்நேரமும் விஷம். அதற்குப் பழகிய புழு பிழைத்துப் பெருகும் அல்லவா? அதைத் தடுக்கத்தான் 450 கிராம் விதையோடு 120 கிராம் சாதா விதையும் தந்தார்கள். ஓரத்தில் விதைத்தால் அங்கே வளரும் சாதா பூச்சிகள் மற்றவற்றோடு கலந்து, எதிர்ப்புச் சக்தி பரவுவது தள்ளிப்போகும்.

பலர் விதைக்கவில்லை. புழுவுக்கென்று நிலத்தை விட யாருக்கு மனசு வரும்? கடன் கொடுத்த நானும் ஒருவரிடம்கூடக் கேட்டதில்லை.

2010லேயே குஜராத்தில் முதல் ரகத்துக்கு அடங்காத இளஞ்சிவப்புக் காய்ப்புழு பற்றி அறிவிப்பு வந்தது. 2017ல் எங்கள் பக்கம் இரண்டு புரதம் உள்ள ரகத்தையும் அது தின்றது. ஒரு பெரியவர் காயைப் பிளந்து என் மேஜையில் வைத்தார். உள்ளே புழு. "சாஹேப், பீட்டிதான் போட்டேன்" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

ரிசர்வ் வைக்காத பேங்க் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த 120 கிராமும் ரிசர்வ்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.