இடம்பெயர்ந்த அறிஞரும் போரின் ஆவணமும்: யாழ்ப்பாண அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

போரின் வரலாற்றை எழுத ஆவணங்கள் வேண்டும். அவற்றைத் தொகுக்க ஆள் வேண்டும். அந்த ஆளே ஊரைவிட்டுப் பெயர நேரும்போது ஆவணத்தின் கதி என்னாகும் என்பதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் சிலரின் பணியைக் கொண்டு இங்கு நோக்க முற்படுகின்றோம்.

மலேசியத் தமிழருக்கு இவ்வினா புதியதன்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் நீளச் சயாம்-பர்மா இரயில் பாதையில் போர்க்கைதிகளாய் உழைத்த ஆங்கிலேயரும் ஆஸ்திரேலியரும் டச்சுக்காரரும் நாட்குறிப்புகளையும் ஓவியங்களையும் நினைவு நூல்களையும் விட்டுச் சென்றனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழரிடமிருந்து அவ்வாறான எழுத்து மிக அரிதாகவே கிடைத்துள்ளது. மாண்ட தமிழரின் தொகையைக்கூட மதிப்பீடாகத்தான் சொல்ல முடிகிறது. சுங்கை பாக்காப் போன்ற பழைய தோட்டப்புற வட்டாரங்களில் வாழும் நமக்கு இவ்வெறுமை நன்கு தெரிந்ததே. ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் பல பத்தாண்டுகள் கழித்து நாவல் வழியே அதனை நிரப்ப முயன்றனர். வரலாற்றுத்துறை செய்திருக்க வேண்டிய பணியைப் புனைகதை ஏற்றுக்கொண்டது என்றே கூறவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. அங்கு எழுதத் தெரிந்தோர் இருந்தனர், எழுதுவதே ஆபத்தாயிற்று. 1988இல் தோன்றிய 'மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்)' என்னும் அமைப்பில் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம, கணிதத்துறையின் ராஜன் ஹூல், கே. ஸ்ரீதரன், உளமருத்துவர் தயா சோமசுந்தரம் ஆகியோர் பங்கு கொண்டனர். இந்நால்வரும் எழுதிய 'முறிந்த பனை' இலங்கை அரசு, இந்திய அமைதிப்படை, தமிழ் இயக்கங்கள் என எத்தரப்பின் வன்முறையையும் விலக்காது பதிவு செய்தது. 1989 செப்டம்பர் 21ஆம் நாள் ராஜினி மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகளே இதற்குப் பொறுப்பு என அவருடைய தோழர்கள் கூறி வந்துள்ளனர். நூல் 1990இல் கலிபோர்னியாவில் வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் வெளிப்படையாக இயங்க இயலாது போன ஹூலும் ஸ்ரீதரனும் தென்னிலங்கையில் தலைமறைவாக இருந்துகொண்டு அறிக்கைகளைத் தொடர்ந்தனர். 2007இல் மார்ட்டின் என்னல்ஸ் விருது இவ்விருவருக்கும் கிடைத்தது. வன்னியிலிருந்து உயிர் தப்பி வந்தோரின் வாக்குமூலங்களைக் கொண்டு 2009இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கைகள் அப்போரின் இறுதி மாதங்களை அறிய இன்றியமையாதன.

இவர்களின் முடிபுகளை ஏற்காத தமிழர் பலர். தொலைவிலிருந்து எழுதுபவர் தமக்குச் செய்தி தருவோரின் சார்பையும் சேர்த்தே பெறுகிறார் என்னும் குறையில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அதற்குத் தீர்வு இன்னும் பலர் எழுதுவதேயாம். எழுதியவரை வாய்மூடச் செய்வது தீர்வாகாது.

தயா சோமசுந்தரத்தின் வழி சற்று வேறுபட்டது. 1998இல் போரின் உளத்தாக்கம் பற்றிய நூலை வெளியிட்ட அவர், பின்னர் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தபோதும் வடபுலத்தை விட்டுவிடவில்லை. வன்னி மக்களின் கூட்டு உளக்காயம் குறித்த அவரது ஆய்வு 2010இல் வெளிவந்தது. உடல் வேறிடத்தில், ஆய்வுக்களம் சொந்த மண்ணில் என்னும் இந்நிலைக்கு இன்று தொலைநிலை ஆய்வு நல்கை என்று பெயர்.

அறிஞர்க்கு அடைக்கலம் தரும் மரபு பழையது. இட்லரால் பதவி இழந்தோர்க்காக 1933இல் இலண்டனில் கல்வியாளர் உதவி மன்றம் தோன்றியது. 1999இல் சிக்காகோவில் 'ஆபத்திலுள்ள அறிஞர்கள்' என்னும் வலையமைப்பு உருவாயிற்று. இவை பெரும்பாலும் அறிஞரைத் தம் வளாகத்திற்கு அழைத்துக்கொள்வன. உயிர் பிழைக்கிறது, அதன் அருமையைக் குறைத்துக் கூறுவதற்கில்லை. ஆனால் சாட்சிகள் அகன்று போகின்றனர். ஆய்வுமொழியும் பெரும்பாலும் ஆங்கிலமாகி விடுகிறது. 2022இல் வியன்னாவின் மனித அறிவியல் நிறுவனம் தொடங்கிய 'உக்ரைனை ஆவணப்படுத்தல்' திட்டமோ உக்ரைனிலேயே தங்கிப் பதிவு செய்வோர்க்கு நல்கை வழங்கியது. ஹூலுக்கும் ஸ்ரீதரனுக்கும் 1990களில் இத்தகைய நல்கை ஒன்று கிட்டியிருக்குமாயின் எத்தனை நேர்காணல்கள் கூடுதலாய்ப் பதிவாகியிருக்கும்?

தமிழ் கற்பிக்கும் அயலகத் துறைகளால் இது இயலாததன்று. பெருந்தொகை தேவையில்லை. துறைசார் இணைப்பினை உறுதிசெய்யும் கடிதம், நூலக நுழைவுரிமை, மாத உதவித்தொகை, ஆய்வைத் தமிழிலேயே எழுத இசைவு ஆகியன போதும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் தன்னார்வலர் உழைப்பால் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் ஏற்றி வருவது தொலைநிலைப் பணியின் ஆற்றலுக்குச் சான்று. ஏறத்தாழ 97,000 நூல்களோடு 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை நினைப்போர்க்கு, படி ஒன்று வேறு நாட்டில் இருப்பதன் பொருள் விளங்கும். நல்கை பெறுவோர் திரட்டும் ஒலிப்பதிவுகளுக்கும் இவ்விதியே பொருந்தும்: மூலப்படி ஓரிடத்தில், மறுபடி கடல் கடந்த பல்கலைக்கழக நூலகத்தில், சாட்சியரின் பெயர்ப்பட்டியல் இவ்விரண்டிலும் சேராது தனியே.