ஒரு புழு, மூன்று பெயர்

மும்பையில் மழை ஆரம்பித்துவிட்டது. எங்கள் காம்பவுண்டு சுவர் முழுக்க உள்ளங்கை அகலத்துக்கு நத்தைகள். நேற்று என் மகளும் பக்கத்து வீட்டுப் பையனும் அவற்றைப் பிடித்துப் பந்தயம் விட்டுக் கொண்டிருந்தார்கள். நான் போட்ட சத்தத்தில் "ஒரு நத்தைக்கா இவ்வளவு?" என்று வீட்டம்மா முறைத்தார். நத்தைக்கு இல்லைங்க, அதற்குள் இருக்கக்கூடிய எலிப்புழுவுக்கு. (நான் கணினி ஆசாமி. இதெல்லாம் படித்துத் தெரிந்து கொண்டதுதான்.)

சீனாவின் கான்டன் நகரத்து எலிகளின் நுரையீரல் ரத்தக்குழாயில் இந்தப் புழுவைப் பார்த்தவர் சென். 1935-ல் 'புல்மோனீமா கான்டனென்சிஸ்' என்று பெயர் வைத்தார். பெண்புழுவை அடையாளம் காண்பது சுலபம். ரத்தம் நிறைந்த சிவப்புக் குடலும் வெள்ளைக் கருப்பையும் ஒன்றையொன்று சுற்றி, முறுக்கிய இரட்டை நூல் மாதிரி இருக்கும். ஆனால் எந்தப் பேரினம் என்று முடிவு செய்ய ஆண்புழுவின் வால்தான் வேண்டும். அதன் நுனியில் விசிறி போல ஒரு சவ்வு. அந்த விசிறியின் கம்பிகள் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன, பக்கத்தில் இருக்கும் முள் எவ்வளவு நீளம் என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை!

1937-ல் தைவானில் யோகோகாவா இதே புழுவுக்கு 'ஹீமோஸ்ட்ராங்கைலஸ் ராட்டி' என்று இன்னொரு பெயர் வைத்தார். அங்கேயே 15 வயதுப் பையன் ஒருவனின் தண்டுவட நீரில் புழுக்கள் வந்தன. நோமுராவும் லின்னும் அதை யோகோகாவா வைத்த பெயரிலேயே 1945-ல் ஜப்பானிய மொழியில் எழுதினார்கள். எலிப்புழு மனிதனைத் தாக்கியதற்கு முதல் சாட்சி அதுதான்.

அடுத்த வருடமே டௌகெர்ட்டி இரண்டும் ஒன்றுதான் என்று சேர்த்து, 'ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ்' என்ற பேரினத்தில் வைத்தார். ஆனால் அந்தப் பையனின் கதை பழைய பெயரோடு பழைய பத்திரிகையிலேயே தங்கிவிட்டது. போரும் மொழியும் காரணம் என்பார்கள். பெயர்க் குழப்பமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

1955-ல் பிரிஸ்பேனில் மெக்கராஸும் சாண்டர்ஸும் முழு வழியையும் கண்டுபிடித்தார்கள். எலிப் புழுக்கையிலிருந்து நத்தைக்கு, நத்தையைத் தின்ற எலியின் மூளைக்கு, அங்கிருந்து நுரையீரலுக்கு. மனித உடலில் புழு பெரும்பாலும் மூளையோடு நின்றுவிடும், அதுதான் ஆபத்து. ஹவாயில் ஒரு நோயாளியின் மூளையில் இதே புழு இருந்தது 1962-ல் வெளியானது. அதற்கப்புறம்தான், 1964-ல், தைவான் பையனின் குறிப்பை ஆங்கிலத்தில் வெளியே கொண்டு வந்தார்கள். 19 வருடம்!

நம்ம ஊருக்கு வருவோம். இந்தப் பெரிய ஆப்பிரிக்க நத்தையை 1847-ல் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தவர் பென்சன் என்கிற வெள்ளைக்காரர். பம்பாய் எலிகளில் இந்தப் புழு இருப்பது 1982-ல் பதிவானது. பெருச்சாளியும் அந்தப் பட்டியலில் உண்டு.

பெயர்ச் சண்டை ஓய்ந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. எலிகளில் வாழும் இந்த வகையை 'பாராஸ்ட்ராங்கைலஸ்' என்று பிரித்து எழுதியவர்களும் உண்டு. வீட்டம்மா இதில் எந்தப் பெயரையும் ஏற்கவில்லை. மகளுக்கு இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, கீரையை நாலு தண்ணியில் அலசிக் கொண்டிருந்தார்.