குரல்வளையில் க்ஷயமும் புற்றும்: நாஞ்சில் நாட்டை முன்வைத்து ஒரு விசாரம்

நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணிபுரிந்த ஐ. எம். ஓர் என்ற வைத்தியர், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோருக்கு உண்டாகும் வாய்ப்புற்றைப் பற்றி 1933ஆம் ஆண்டு ‘லான்செட்’ சஞ்சிகையில் வெளியிட்ட ஆராய்ச்சி, 1956இல் சென்னை ராஜ்யத்தோடு இணைந்த நாஞ்சில் நாட்டில் புகையிலை கலந்த தாம்பூலம் விளைத்துவந்த கேட்டை வெளியுலகம் அறியச் செய்தது. அத்தகைய பழக்கமுடைய ஒருவருக்கே குரல்வளைப் புற்றும் வரக்கூடும், க்ஷயரோகமும் வரக்கூடும் என்பதுதான் இங்கே தொண்டை வியாதியை நிர்ணயிப்பதிலுள்ள பெருஞ் சங்கடம்.

குரல்வளை க்ஷயத்தில் எச்சில் விழுங்கவும் வேதனை மிகும், மாலையில் ஜுரம் காயும், நுரையீரலிலும் பெரும்பாலும் நோய் இருக்கும் என்றும், புற்றிலோ குரல் கம்மல் நாளுக்கு நாள் ஏறி, கழுத்தில் வலியின்றிக் கெட்டியாக நெறி கட்டி, காதில் ஒரு குற்றமும் இல்லாதபோதே காது வலிக்கும் என்றும் வகுத்துச் சொல்வதுண்டு. ஆனால் குரல்நாணின் ஒரு பக்கத்தில் மட்டும் தடிப்பும் புண்ணுமாகத் தோன்றும் க்ஷயம், அனுபவம் முதிர்ந்த கண்களையும் புற்றென்றே மயக்கிவிடும். தொண்டை தன் துன்பத்தை வெளியிடும் வழிகள் சிலவே; ஆகையால் வேறு கேடுகளும் இவற்றைப் போலவே தோன்றக்கூடும். நெய்யூரில் நெடுங்காலம் சத்திரசிகிச்சை செய்த ஹோவர்ட் சாமர்வெல், 1924இல் எவரெஸ்டிலிருந்து இறங்குகையில் மூச்சடைத்து, மார்பை அழுத்தி இருமியபோது வெளிவந்தது, கடுங்குளிரால் மாண்ட குரல்வளைச் சவ்வே; கிருமியும் அன்று, கட்டியும் அன்று.

சதைத்துண்டு எடுத்துச் சோதிப்பதொன்றே வழி என்பதில் ஐயமில்லை; எனினும் ஒரு துண்டின் சாட்சியம் முடிந்த தீர்ப்பாகிவிடாது. 1887இல் ஜெர்மானியப் பட்டத்து இளவரசர் பிரடெரிக்கின் குரல்வளையிலிருந்து வைத்தியர் மொரெல் மெக்கன்ஸி எடுத்தனுப்பிய துண்டுகளில், நோய்க்கூறியலின் பிதாமகரான விர்ஹோ புற்றைக் காணவில்லை. சக்கரவர்த்தியாகி 99 நாட்களே ஆண்ட பிரடெரிக், 1888 ஜூன் 15ஆம் தேதி அந்தப் புற்றாலேயே உயிர்நீத்தார். கிடைத்த துணுக்குக்குரிய தீர்ப்பை முழுக் குரல்வளைக்கும் உரியதாகக் கொண்டதே விபரீதமாயிற்று. இதற்கு மறுதலையான அபாயமும் உண்டு: க்ஷயப் புண்ணின் மேல்தோல் சில சமயம் தடித்து வளர்ந்து, நுண்ணோக்கியில் புற்றைப் போலவே தோன்றும், அதை நம்பிக் குரல்வளையை அறுத்தெடுத்தால் மீட்பேது?

சளியில் க்ஷயக்கிருமி அகப்பட்டதும் விசாரணையை முடித்துவிடுவதை நான் ஒப்பவில்லை. இரு வியாதிகளும் ஓருடலில் கூடியிருக்கலாமாதலால், ஒன்று இருப்பது மற்றொன்று இல்லாமைக்குச் சாட்சியாகாது. “க்ஷய மருந்து கொடுத்துப் பார்ப்போம்” என்று நிச்சயமின்றித் தொடங்கி ஆறு மாதத்தைக் கழிப்பது, ஆரம்பத்தில் கதிர்வீச்சாலேயே, குரலும் கெடாமல், குணமாகக்கூடிய புற்றைக் குரல்வளையையே இழக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

ஆகையால், மூன்று வாரத்துக்கு மேலும் குரல் தெளியாதவர்கள் கஷாயத்தோடு காலங்கடத்தாமல், ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்குச் சென்று குரல்வளையை நேரில் பார்க்கச் செய்ய வேண்டும். வெற்றிலை, புகையிலை, பீடிப் பழக்கங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் துண்டில் ஒன்றுமில்லை என்று வந்த பின்னும் கம்மல் நீங்காவிடில், மறுபடியும் எடுத்துப் பார்க்கும்படி வைத்தியரைக் கேட்கத் தயங்கக் கூடாது.