ஈசல் சோறு

மழை விட்ட சாயந்திரம் புத்துல இருந்து ஈசல் கெளம்புனா, எங்க வீட்டுக் கோழிங்க அடையறதையே மறந்துட்டு ஓடும். காக்கா, ஓணான், தவளை எல்லாத்துக்கும் அன்னிக்கு விருந்துதான். ஒரு காலத்துல நமக்கும் அது விருந்துதாங்க. இப்போ அதைச் சொல்லவே கூச்சப்படறோம்.

இந்தச் சோத்துக்கு இரண்டாயிரம் வருச வரலாறு இருக்கு. பாரி இறந்த பிறகு அவனோட பறம்பு நாட்டு வளத்தை நினைச்சுக் கபிலர் பாடிய பாட்டு புறநானூற்றில் 119. மழைக்காலத்துல செம்புற்று ஈசலைப் புளிச்ச மோர்ல சேர்த்துச் சமைச்ச உணவை, அந்த நாட்டின் வளங்கள்ல ஒண்ணா அதுல சொல்றார். அகநானூறு 394-ல் தோழி தலைவனிடம் தங்க ஊர்ச் சாப்பாட்டைப் பெருமையாச் சொல்றா: வரகரிசியோட ஈசல் போட்டுப் பொங்கிய புளிப்புச் சோறு, மேலே உருகுற பசு வெண்ணெய். ஆக, அது பஞ்சத்துக்குத் தின்னது இல்லை. வர்ற ஆளுக்கு ஆசையாப் போட்ட சோறு.

எங்க அமுச்சி காலத்துல புத்துக்குப் பக்கத்துல குழி வெட்டி, அதுல விளக்கை வெச்சிருவாங்க. வெளிச்சத்துக்கு வந்து விழுற ஈசலை அள்ளி, வெயில்ல காயவெச்சு, முறத்துல புடைச்சா றெக்கை பறந்துடும். அப்புறம் மண்சட்டியில வறுத்து, உப்பும் பொரியும் கலந்து குடுப்பாங்க. அளவாத்தான் கிடைக்கும், அதிகமாத் தின்னா வயித்தால போகும்.

ஈசல்ங்கறது தனி உசுரு இல்லீங்க. றெக்கை முளைச்ச கறையான்தான், இணை சேர்ந்து புதுப் புத்து வெக்கக் கெளம்புது. நம்ம பக்கத்துப் புத்துக் கறையான் உள்ளே பூஞ்சை வளர்த்துத் தின்னுது. அந்தப் பூஞ்சைக் கூட்டுக்குப் பழைய பேர் குரும்பி. கரடி புத்தைத் தோண்டி அதைத் தின்னுறதும் அகநானூற்றில் வருது. மழைக்கு முளைக்கிற புத்துக்காளானும் அதுலருந்து வர்றதுதான்.

2013-ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு வெளியிட்ட அறிக்கை, உலகத்துல சுமார் 200 கோடிப் பேர் பூச்சி சாப்பிடுறாங்க, 1,900-க்கும் மேற்பட்ட வகை உணவாகுதுன்னு சொல்லுச்சு. ஒடிசா மயூர்பஞ்ச் மக்களோட செவ்வெறும்புச் சட்னிக்கு 2024-ல் புவிசார் குறியீடே கிடைச்சுது.

நாமளோ, பழைய பானையில சாணியும் கிழிஞ்ச சாக்கும் நனைச்சுப் போட்டு, ராத்திரி கவுத்து வெச்சு, காலையில கறையானைக் கோழிக்குஞ்சுக்குக் குடுக்கறோம். குஞ்சுக்குச் சத்துன்னு தெரிஞ்சது, நமக்கு மட்டும் அசிங்கமாப் போச்சு.

கூச்சம்கூடப் பரவால்லீங்க. ஜேசிபி வெச்சுப் புத்தை இடிக்கறோம், மிச்சத்துக்குக் குருணை மருந்து ஊத்தறோம். மருந்து போட்ட காட்டு ஈசலைத் தின்னாதீங்க, கோழிக்கும் போடாதீங்க. எங்க காட்டு வரப்புல ஒரே ஒரு புத்துதான் மிச்சம். போன மாசம் வரப்பு சீர் பண்ண வந்த வண்டிக்காரர் அதையும் எடுத்துரலாமான்னு கேட்டார். இருக்கட்டும், விட்டுடுங்கன்னு சொல்லிட்டேன்.