மந்திர மொழியும் மக்கள் மொழியும்: யோக மரபில் வடமொழியின் இடம் குறித்துச் சில சிந்தனைகள்

கண்டி நகருக்குத் தென்கிழக்கே, மலைச்சரிவுகளிடையே அமைந்துள்ள தெல்தோட்டைப் பிரதேசம் பொருளாதார வரலாற்று மாணவர்க்கு நன்கு அறிமுகமானது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட லூல்கந்துர தோட்டம் இதனை அண்டியே உள்ளது. கோப்பிக் காலத்திலும் அதன் பின்னர்த் தேயிலைக் காலத்திலும் தமிழகத்திலிருந்து வந்த உழைப்பாளர், அவர்க்கு முன்னும் பின்னும் குடியேறிய தமிழ் பேசும் முஸ்லிம்கள், நெடுங்காலமாக இம்மண்ணில் வேரூன்றிய சிங்கள விவசாயிகள் ஆகியோர் இங்கு அருகருகே வாழ்கின்றனர். இச்சமூகங்களின் வழிபாட்டு மொழிகளை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். பள்ளிவாசலில் அரபு, விகாரையிற் பாளி, ஆகம முறைக்கு உட்பட்ட கோயிலில் வடமொழி. இவற்றுள் எதுவும் இங்குள்ள எவ்வீட்டிலும் அடுப்பங்கரை மொழி அன்று. தமிழிலும் சிங்களத்திலும் வாழ்ந்து, மூன்று பேசா மொழிகளில் இறைவனையும் அறத்தையும் போற்றும் மக்கள் இவர்கள்.

இந்நிலையில், யோகப் பயிற்சிக்கு வடமொழி இன்றியமையாதது, ஆசனப் பெயர்களையும் மந்திரங்களையும் அம்மொழியிலேயே உச்சரித்தாலன்றி ஆன்மிகப் பயன் விளையாது எனக் கூறப்படும்பொழுது, அதனை வெறும் பக்திக் கூற்றாகக் கொண்டு ஒதுக்கிவிட இயலாது. வடமொழி கற்கும் வாய்ப்பு வரலாற்றில் யாருக்கு அளிக்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதை அறிந்தோர்க்கு இக்கூற்றின் சமூக விளைவு விளங்காமற் போகாது. எனினும், விளைவு தீயது என்பதனால் மட்டுமே ஒரு கருத்துப் பொய்யாகிவிடாது. ஆதலின் யோக நூல்கள் தாமே இதுபற்றி என்ன கூறுகின்றன என்பதை முதலில் நோக்குவோம்.

வடமொழியின் சிறப்பினை வலியுறுத்துவோர் கூறுவதில் அடிப்படை இல்லாமல் இல்லை. வேத மரபில் ஒலியின் திருத்தம் உயிரினும் மேலாகப் பேணப்பட்டது. துவட்டா இந்திரனைக் கொல்லுதற்கு ஒரு மகனை வேண்டி வேள்வி செய்தபோது, ஒரு சொல்லில் ஒலியழுத்தம் இடம் மாறியமையால் மகன் இந்திரனைக் கொல்பவனாகாது இந்திரனாற் கொல்லப்படுபவன் ஆனான் என்னும் கதையை இலக்கண ஆசிரியர்கள் மாணவர்க்கு எச்சரிக்கையாகச் சொல்லி வந்தனர். தாந்திரிக மரபு இன்னும் ஒருபடி மேலே சென்றது. உடலின் ஆறு ஆதாரங்களிலும் அமைந்த தாமரைகளின் இதழ்கள் முறையே 4, 6, 10, 12, 16, 2. கூட்டினால் 50. வடமொழி நெடுங்கணக்கின் ஐம்பது எழுத்துகளும் இதழுக்கு ஒன்றாக அங்கே எழுதப்பட்டுள்ளன. அதாவது, யோகியின் உடலே ஓர் அரிச்சுவடி. இக்கணக்கைத் தமிழின் முப்பது எழுத்துகளைக் கொண்டு நிரப்ப முடியாது என்பது வெளிப்படை. ஒலியே பொருள், ஒலி மாறினாற் பொருள் கெடும் என்னும் நோக்கு இங்கு முழுமை பெறுகின்றது.

ஆனால், வேள்வி வேறு, யோகம் வேறு. பதஞ்சலியின் யோக சூத்திரத்தை எடுத்துக்கொள்வோம். இரு நூறுக்குச் சற்றுக் குறைந்த சூத்திரங்களுள் ஆசனத்துக்கு ஒதுக்கப்பட்டவை மூன்றே. அவற்றிலும் எந்த ஆசனத்தின் பெயரும் இல்லை. இருக்கை உறுதியும் இனிமையும் உடையதாய் இருத்தல் வேண்டும் என்பதே ஆசிரியரின் கருத்து. மந்திரத்தைப் பொறுத்தவரையில், பிரணவம் ஈசுவரனைக் குறிக்கும் சொல் எனக் கூறி, அதனை உருவேற்றுதலோடு அதன் பொருளைச் சிந்தித்தலையும் உடன் வைக்கிறார். பொருளறியா உச்சரிப்பு மட்டும் போதும் என அவர் சொல்லவில்லை. மேலும், விபூதி பாதத்தில் வரும் ஒரு சூத்திரம் நமது பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. சொல், பொருள், எண்ணம் ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றப்பட்டு மயங்கிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறிந்து மனத்தைச் செலுத்துவோன் எல்லா உயிர்களின் குரலையும் உணர்வான் என்கிறது அது. காக்கையின் கரைதலையும் கன்றின் கதறலையும் யோகியின் செவிக்கு உரியனவாக்கும் ஆசிரியர், ஒரு மொழிக்குள் யோகத்தைப் பூட்டி வைத்தார் என்று எவ்வாறு கொள்வது? பதஞ்சலி வடமொழியில் எழுதினார் என்பது உண்மை. வடமொழியைப் பற்றி எழுதினார் என்பது உண்மையன்று.

இனித் தமிழ் மரபுக்கு வருவோம். பத்தாம் திருமுறையாகத் தொகுக்கப்பெற்ற திருமந்திரத்தின் காலம் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டுகளுக்குக் கொண்டு செல்வோரும், பல நூற்றாண்டு பிற்படுத்துவோரும் உளர். எக்காலத்ததாயினும் அட்டாங்க யோகத்தைத் தமிழில் விரித்துரைத்த பெருநூல் அதுவே. அதன் மூன்றாம் தந்திரம் இயமம் தொடங்கிச் சமாதி ஈறாக எட்டு உறுப்புகளையும் முறையாகக் கூறுகிறது. உறுப்புகளின் பெயர்கள் வடசொற்களே. ஆயினும் அச்சொற்கள் தமிழுக்குள் நுழைந்த விதத்தைக் கவனித்தல் வேண்டும். வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தி வருவதே வடசொல் எனத் தொல்காப்பியர் வகுத்த நெறிப்படி ஆசனம் ஆதனமாயிற்று, ரேசகம் இரேசகமாயிற்று. பத்மாசனம் என்பது பங்கயம் எனப்பட்டது. பத்மமும் பங்கயமும் தாமரையைக் குறிக்கும் வடமொழிவழிச் சொற்களே எனினும் ஒலியால் முற்றிலும் வேறானவை. பெயரின் ஒலியிலேயே ஆசனத்தின் ஆற்றல் தங்கியிருப்பதாகத் திருமூலர் கருதியிருப்பாராயின், ஒன்றன் இடத்தில் மற்றொன்றை இவ்வளவு எளிதாக வைத்திருக்க மாட்டார். கால்களை மடக்கி இருக்கும் நிலையே அவர்க்கு முதன்மை. பெயர் ஓர் அடையாளம்.

மூச்சுப் பயிற்சியிலும் இதனையே காண்கிறோம். உள்ளிழுத்தல் பதினாறு, உள்ளே நிறுத்தல் அறுபத்துநான்கு, வெளிவிடுதல் முப்பத்திரண்டு என மாத்திரைக் கணக்குத் தருகிறார் திருமூலர். எண்ணுதற்கு எம்மொழியும் போதும். பின்வந்த சித்தர் மரபு மூச்சுக்கு வாசி என்று பெயரிட்டது. சிவா என்னும் சொல்லைத் திருப்பிச் சொன்னால் வாசி ஆகும் என்னும் சொல்விளையாட்டில் ஒரு தத்துவத்தையே அடக்கியது. நூலறிவில்லாத ஒருவரும் ஒருமுறை கேட்டால் மறவாத பாடம் இது.

ஐம்பது எழுத்து என்னும் சிக்கலைத் திருமூலர் எதிர்கொண்ட முறை தனித்து நோக்கற்குரியது. வேதங்களும் ஆகமங்களும் ஐம்பது எழுத்துகளே என அவர் ஒப்புக்கொள்கிறார், மறுத்துரைக்கவில்லை. ஆனால் அந்த ஐம்பதின் தன்மையை உணர்ந்த பின்னர் அவை அனைத்தும் ஐந்தெழுத்தே ஆகும் என முடிக்கிறார். அந்த ஐந்தெழுத்தோ தமிழ் நெடுங்கணக்கைக் கொண்டே பிழையின்றி எழுதவும் சொல்லவும் கூடியது. வடமொழியின் கருவூலத்தை மதித்து, அதன் சாவியைத் தமிழன் கையிற் கொடுத்த செயல் என இதனைக் கூறலாம். இறைவன் ஆரியமும் தமிழும் உடனாகவே உமைக்கு உரைத்தான் எனப் பாயிரத்தில் அவர் கூறுவதும் இந்நோக்கோடு இயைந்ததே. பிற்காலத்தில் வடமொழிப் பகைமைக்கும் வடமொழி மேலாண்மைக்கும் ஒருசேர அவரைச் சான்று காட்டினர். இரு திறத்தாரும் அவர் கூற்றிற் பாதியையே படித்தனர்.

அசபை என்னும் கருத்தையும் இங்குச் சுட்டுதல் தகும். ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சு 21,600 என யோக நூல்கள் கணக்கிடும், நிமிடத்துக்குப் பதினைந்து. உட்செல்லும் மூச்சும் வெளிவரும் மூச்சும் தாமாகவே மந்திரத்தைச் செபித்துக்கொண்டிருக்கின்றன, வாயாற் சொல்ல வேண்டுவதில்லை என்பது கோட்பாடு. திருவாரூர்த் தியாகேசரின் ஆடல் அசபா நடனம் எனப் பெயர் பெற்றது இதனாலேயே. ஒலியை உச்சத்துக்கு உயர்த்திய அதே மரபு, இறுதியில் ஒலியற்ற செபத்தை அதனினும் மேலாக வைத்தது. மூச்சுக்கு இலக்கணப் பிழை நேர்வதில்லை.

இது தமிழுக்கு மட்டும் உரிய போக்கு அன்று. 1290இல் ஞானேசுவரர் மராத்தியில் இயற்றிய கீதை விரிவுரையின் ஆறாம் அத்தியாயம் குண்டலினி யோகத்தை மக்கள் மொழியில் விளக்கியது. வடமொழி அட யோகப் பெருநூலாகிய அடயோகப் பிரதீபிகை தோன்றியது இதற்குப் பின்னர், 15ஆம் நூற்றாண்டிலேயே. 16ஆம் நூற்றாண்டில் குவாலியரைச் சேர்ந்த சூபி ஞானி முகம்மது கௌது யோக நூலொன்றைப் பாரசீகத்தில் தந்தார். அம்மரபில் வடமொழி மந்திரங்களுக்கு ஈடாக இறைவனின் அரபு நாமங்கள் வைக்கப்பட்டன. பயிற்சி ஒரு புனித மொழியிலிருந்து மற்றொரு புனித மொழிக்கு இடம்பெயர்ந்தும் உயிர் பிழைத்தது. தமிழில் 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு சித்தர் யோகப் பரிபாஷையை இசுலாமிய ஞானப் பாடல்களிற் கையாண்டார். தெல்தோட்டையும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. 1866இல் இங்குள்ள போப்பிட்டியிற் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர், பதிகம், திருப்புகழ் முதலிய தமிழ்ப் பக்தி வடிவங்களில் இசுலாமியப் பொருளைப் பாடியவர். அரபைத் தொழுகையின் மொழியாகப் போற்றிய சமூகம், உள்ளத்தின் உருக்கத்தைத் தமிழிலே சொல்லத் தயங்கவில்லை.

அவ்வாறாயின், யோகத்துக்கு வடமொழி இன்றியமையாதது என்னும் எண்ணம் இவ்வளவு வலுப்பெற்றமைக்குக் காரணம் யாது? வடமொழி பாரதம் முழுவதற்கும் பொதுவான கலைச்சொற்களை வழங்கியது. காசியிலும் காஞ்சியிலும் கும்பகம் என்றால் ஒன்றே. இப்பயனைக் குறைத்து மதிப்பிடுதல் தவறு. கோயிலும் மடமும் அதற்கு அளித்த அதிகாரம் மற்றொரு காரணம். ஆனால் நவீன காலத்தில் அவ்வெண்ணத்தை வளர்த்தது, வியப்புக்குரிய வகையில், ஆங்கிலமே என்பது எமது கருத்து.

1896இல் விவேகானந்தர் இராசயோகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். மறு ஆண்டு மேனாட்டிலிருந்து கொழும்பில் இறங்கிக் கண்டி வழியாக யாழ்ப்பாணம் சென்றார். 1887இல் திருநெல்வேலிச் சீமைப் பத்தமடையிற் பிறந்து, மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றி, 1936இல் தெய்வ நெறிக் கழகத்தை நிறுவிய சிவானந்தர் தமிழரே. எனினும் அவர் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதினார். அவருடைய சீடரான சச்சிதானந்த சுவாமி 1914இல் கோயமுத்தூரை அடுத்த செட்டிபாளையத்திற் பிறந்தவர். 1950களில் இலங்கைக்கு வந்து கண்டியில் தபோவனம் அமைத்துத் தொண்டாற்றினார். 1966இல் நியூயோர்க் சென்றவர், 1969 ஓகஸ்டில் வூட்ஸ்டொக் இசை விழாவின் தொடக்கத்தில், இலட்சக்கணக்கான இளைஞர் முன் ஒலியின் ஆற்றலைப் பற்றி ஆங்கிலத்திற் பேசி, அவர்களை வடமொழி நாமங்களை ஓதச் செய்தார். கண்டியிலிருந்து சென்ற தமிழ்த் துறவியின் மேடையில் ஆங்கிலமும் வடமொழியும் இருந்தன; அவருடைய தாய்மொழிக்கு அங்கு இடமில்லை. இதனை அவர்மீது குற்றமாகக் கூறவில்லை. கேட்போர் ஆங்கிலேயமொழியினர், அவர்க்குப் பழமையின் முத்திரை தேவைப்பட்டது, அம்முத்திரையை வடமொழி வழங்கியது. ஆனால் மைசூரில் கிருஷ்ணமாச்சாரியார் எழுதிய யோக மகரந்தம் 1934இல் கன்னடத்தில் வெளிவந்து, 1938இல் தமிழில் வந்ததை இன்று எத்தனை பேர் நினைவிற் கொண்டுள்ளனர்? உலகெங்கும் பரவிய ஆசனப் பயிற்சியின் மூலநூல்களுள் ஒன்று தென்னாட்டு மக்கள் மொழியில் எழுதப்பட்டது. 2014இல் ஐக்கிய நாடுகள் சபை சூன் 21ஐ யோக தினமாக அறிவித்த பின்னர் இம்மறதி மேலும் ஆழமாயிற்று.

மலையகத்தில் இதன் விளைவு எளிதன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இரு நாடுகளிடையே பங்கிடப்பட்டு, 1970களின் பிற்பகுதி வரையில் தோட்டப் பாடசாலை என்னும் ஒற்றை அறையில் எழுத்தறிந்த மக்கள் இவர்கள். அவர்களுள் கணிசமானோர் சாதியின் பெயரால் வடமொழியின் வாயிலிலேயே நிறுத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். லயத்துக்கு அருகில் மாரியம்மனுக்குத் தமிழிற் பூசை செய்த பூசாரியின் இடத்தில், கோயில் ஆகம முறைப்படி எழுந்த பின்னர் வடமொழி அருச்சனை வந்தது. இம்மாற்றத்தைத் தோட்ட மக்கள் பலர் தம் உயர்வின் அறிகுறியாகவே வரவேற்றனர் என்பதையும் மறைத்தல் ஆகாது. இழிவுபடுத்தப்பட்ட ஒரு மக்கள் கூட்டம் மதிப்புள்ள மொழியை நாடுவது இயல்பே. அதே வேளையில், தியானத்துக்கும் தவத்துக்கும் தம் மொழி தகுதியற்றது என்னும் எண்ணம் அதனோடு உடன் நுழைகின்றது.

ஆனால் யோகம் இம்மக்களுக்குப் புதிதன்று. மாசி மாதத்திற் காமன் கம்பம் நட்டு, விரதம் காத்து, தப்பு முழங்கக் காமன் கூத்தை அவர்கள் நிகழ்த்துவர். யோக நிலையில் அமர்ந்த சிவன், அந்நிலையைக் குலைக்க அம்பு தொடுக்கும் காமன், நெற்றிக்கண் திறத்தல், சாம்பல், இரதியின் ஒப்பாரி ஆகிய யாவும் தமிழிலேயே நடைபெறும். அருச்சுனன் தபசில், கம்பத்தின் உச்சியில் தவம் செய்யும் அருச்சுனனைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்திருப்பவர் கொழுந்து கிள்ளி மீண்ட பெண்களும் பிள்ளைகளும். புலனடக்கம், மன ஒருமை, இடையூறு, அருள் ஆகியவற்றை அவர்கள் அங்கேதான் கற்றனர். இக்கூத்துகளை நாட்டார் கலை என்னும் தலைப்பின் கீழ் ஆய்வாளர் பலகாலும் பதிவு செய்துள்ளனர். யோக வரலாற்றின் மூலங்களாக அவற்றைப் படிக்கும் பணி எஞ்சியிருக்கிறது. தெல்தோட்டைத் தோட்டங்களில் இப்பாடல்களை மனப்பாடமாக வைத்திருக்கும் முதியோர் குறைந்து வருகின்றமையால் அது விரைந்து செய்யப்படுதல் வேண்டும்.