கைன்ட்டாவில் தங்கிவிட்ட மதராஸ் சிப்பாய்கள்

மணிலாவிலிருந்து கிழக்கே போகும் ஜீப்னிகள் பலவற்றின் நெற்றியில் "கைன்ட்டா" என்று எழுதியிருக்கும். ரிசால் மாகாணத்து ஊர். மணிலாக்காரர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது பிபிங்காவும் சுமானும்தான். வாழையிலை விரித்த சட்டியில் அரிசி மாவை ஊற்றி, கீழேயும் மேலேயும் தணல் வைத்துச் சுடுவது பிபிங்கா. நான் போனது அதைச் சாப்பிட இல்லை என்று சொன்னால் பொய். ஆனா வேற ஒரு காரணமும் இருந்தது.

"தமிழர் படை மணிலாவை வென்றது தெரியுமா?" என்று ஒரு ஃபார்வேர்டு செய்தி சுற்றிக்கிட்டே இருக்கு. எனக்கு நாலைந்து முறை வந்துவிட்டது. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தைப் பிரித்தெடுத்தால் மிஞ்சுவது, செய்தியில் இருக்கும் பெருமையைவிட எனக்குச் சுவாரசியமாகப் பட்டது.

1762-இல் இங்கிலாந்து ஸ்பெயின்மீது போர் அறிவித்தது. ஏழாண்டுப் போரின் கடைசிக் கட்டம். ஸ்பெயினின் ஆசியத் தலைநகரான மணிலாவைப் பிடிக்கும் திட்டத்தோடு வந்தவர் வில்லியம் டிரேப்பர். படை புறப்பட்ட இடம் நம்ம மதராஸ். அப்போது மதராஸில் துறைமுகம் கிடையாது. ஆட்களையும் பீரங்கிகளையும் மசூலா படகுகளில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கப்பலுக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படி ஏறியவர்களில் சுமார் 600 பேர் கும்பெனிச் சிப்பாய்கள். கூடவே 79-ஆவது ரெஜிமென்ட், கார்னிஷின் கடற்படையாட்கள், ஆப்பிரிக்கர்கள், படையைவிட்டு ஓடிவந்த பிரெஞ்சுக்காரர்கள் என்று ஒரு கலவை.

இந்த 600 பேரையும் தமிழர் என்று எழுதிவிட முடியாது. அன்றைய கும்பெனிப் படையில் தமிழர், தெலுங்கர், ஆற்காட்டு முஸ்லிம்கள், வடக்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். சம்பளத்துக்கு வந்த ஆட்கள். கொடி யாருடையது என்பது அவர்கள் தீர்மானித்த விஷயம் இல்லை. இவர்கள் மணிலாவில் இருந்த அதே ஆண்டுகளில்தான் கும்பெனியின் சிப்பாய்கள் மதுரையில் யூசுப் கானை முற்றுகையிட்டார்கள். அவரும் அதே படையில் உயர்ந்த ஒருவர்தான்.

செப்டம்பர் 23-ஆம் தேதி கப்பல்கள் மணிலா விரிகுடாவுக்குள் நுழைந்தன. ஐரோப்பாவில் போர் தொடங்கியதே அங்கே இருந்தவர்களுக்குத் தெரியாது. கவர்னர் பொறுப்பில் இருந்தவர் ஒரு பேராயர், மானுவேல் ரோஹோ. அக்டோபர் 6-இல் கோட்டை விழுந்தது. அடுத்து நடந்தது கொள்ளை. இன்ட்ராமுரோஸில் இன்றும் நிற்கிற சான் அகுஸ்தின் தேவாலயமும் தப்பவில்லை. கொள்ளையை நிறுத்த 40 லட்சம் பெசோ தண்டம் பேசப்பட்டது. முழுத் தொகை கடைசிவரை வரவில்லை. "வென்றது" என்று பெருமைப்படுகிறவர்கள் இந்தப் பத்தியையும் சேர்த்தே ஃபார்வேர்டு செய்யணும். உள்ளே புகுந்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள்.

ஸ்பானியர்களில் சீமோன் டி ஆண்டா என்பவர் பம்பாங்காவுக்குத் தப்பிப்போய் எதிர்த்து நின்றார். அதனால் ஆங்கிலேயர் ஆட்சி மணிலாவையும் சுற்றுப்புறத்தையும் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. நகரத்துக்குச் சாப்பாடு வரும் ஆற்றுவழியைப் பிடிக்க, பாசிக் ஊரைக் கைப்பற்றினார்கள். பாசிக்கை அடுத்திருப்பது கைன்ட்டா. 1763 பிப்ரவரியில் பாரிஸில் சமாதானம் கையெழுத்தானது. 1764-இல் மணிலாவை ஸ்பெயினிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கப்பல்கள் கிளம்பின. சிப்பாய்களில் சிலர் ஏறவில்லை. படையைவிட்டு ஓடி, கைன்ட்டாவில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டார்கள். தாயாப் என்ற குடியிருப்பை அவர்கள் வாழ்ந்த இடமாகச் சொல்கிறார்கள்.

எனக்கு விடாமல் உறுத்துவது இதுதான். இருநூறு சொச்சம் ஆண்டுகளாக அந்த ஊர் இவர்களை "எதிரிப் படை" என்று நினைவு வைத்திருக்கவில்லை. தாத்தா என்று வைத்திருக்கிறது. பஜார் பக்கம் பிபிங்கா விற்ற அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். தன் மூக்கைத் தொட்டுக் காட்டி, எங்க குடும்பத்திலும் அந்த ரத்தம்தான் என்று சிரித்தார். மூக்கை வைத்தும் நிறத்தை வைத்தும் வரலாறு பேசுவது எனக்கு ஒப்பாது. ஆனாலும் அவர் சொன்ன விதத்தில் வெட்கமோ கூச்சமோ துளியும் இல்லை. என்னை அவர் கூப்பிட்டது "பும்பாய்" என்று. பிலிப்பைன்ஸில் இந்தியர் யாரானாலும் அந்தப் பேர்தான். பெரிய வெங்காயம்கூட அங்கே "சிபுயாஸ் பும்பாய்". சின்ன வெங்காயம் "சிபுயாஸ் தகாலோக்". மதராஸிலிருந்து கப்பலேறியவர்களின் வழிவந்தவர்களுக்கு பம்பாய்க்காரர் என்று பெயர்!

கரே-கரே பற்றிச் சொல்லாமல் முடியாது. மாட்டுவாலையும் குடலையும் வேகவைத்து, கத்தரிக்காய், காராமணிக்காய், வாழைப்பூ சேர்த்து, அரைத்த வேர்க்கடலையில் செய்யும் கெட்டிக் குழம்பு. தொட்டுக்கொள்ள, புளித்த இறால் விழுது. இது சிப்பாய்கள் விட்டுப்போன "கறி"தான் என்று கைன்ட்டாவில் சத்தியம் செய்வார்கள். பம்பாங்காக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது எங்க சமையல் என்பார்கள். பெயரில் கறி இருக்கலாம், குழம்பில் நம்ம மசாலா வாசனை கிடையாது. தேங்காய், மிளகாய் கிடைக்கிற ஊரில் கடலையை அரைத்துக் கறி வைப்பானேன் என்பது என் சந்தேகம்.

ஆனால் அந்தக் கடலைக்கு வேறொரு கதை இருக்கிறது. தென்னமெரிக்கச் செடி அது. பிலிப்பைன்ஸில் அதை ஸ்பானியச் சொல்லால் "மனி" என்கிறார்கள். நம்ம விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் அதுக்கு என்ன பேர்? மல்லாட்டை. மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாக்கொட்டை, மல்லாட்டை. சிப்பாய்கள் மடியில் கட்டிக்கொண்டு வந்ததாக யாராவது கதை கட்டிவிடப் போகிறார்கள், அதற்கு ஆதாரமில்லை. மணிலாவின் பெயர் வந்தவாசிச் செம்மண் வரைக்கும் வந்து, வாய்க்கு வாய் தேய்ந்து கிடக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

வந்தவாசி என்றதும் இன்னொன்று. டிரேப்பர் ஊர் திரும்பி, பிரிஸ்டல் பக்கம் கிளிஃப்டனில் வீடு கட்டி அதற்கு மணிலா ஹால் என்று பெயர் வைத்தார். பக்கத்தில் தன் ரெஜிமென்ட்டுக்கு ஒரு நினைவுச்சின்னம். வந்தவாசி, ஆற்காடு, புதுச்சேரி, மணிலா என்று சண்டை நடந்த ஊர்களின் பெயர்கள் அதில் உண்டு. செத்த அதிகாரிகளின் பெயர்களும் உண்டு. வீட்டை இடித்துவிட்டார்கள், கல் இன்னும் நிற்கிறது. சிப்பாய் ஒருவனின் பெயரும் அதில் கிடையாது. கைன்ட்டா அம்மாவுக்கும் தன் தாத்தனின் பெயர் தெரியாது. கேட்டதற்கு, ஞானஸ்நானத்தில் வேற பேர் வச்சிருப்பாங்க என்று சொல்லிவிட்டு, அடுத்த பிபிங்காவின்மேல் தணலைத் தள்ளிவைத்தார்.