காஸ்ட்டா, டிரைபா?

கல்வராயன் மலையின் மலையாளிகளுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. மலைக்கு உரியவர்கள் என்பதால் அந்தப் பெயர். பேசுவது தமிழ், பட்டம் கவுண்டர். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறினார்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை.

இவர்களை ஆங்கிலத்தில் எழுதிவைக்க முயன்றவர்கள் ‘காஸ்ட்’, ‘டிரைப்’ என்ற இரு சொற்களுக்கிடையே தடுமாறினார்கள். முதற்சொல் வம்சத்தைக் குறிக்கும் போர்த்துக்கீசிய ‘காஸ்டா’விலிருந்து வந்தது. மற்றதன் வேர் லத்தீன் ‘டிரிபுஸ்’. பண்டைய ரோமில் குடிமக்களைப் பகுத்த பிரிவுகளின் பெயர் அது. இலக்கணத்திலும் இரண்டும் ஒன்றல்ல. டிரைபுக்கு ‘டிரைபல்’ என்ற பெயரடை உண்டு. இந்திய ஆங்கிலத்தில் அதுவே ஆளைச் சுட்டும் பெயர்ச்சொல்லாகவும் ஆகிவிட்டது. காஸ்ட்டுக்கு அப்படியொரு பெயரடை அமையவில்லை. ‘காஸ்ட் சர்டிபிகேட்’ என்பதைப் போல, அந்தச் சொல்லே வேறொரு பெயரின் முன் நின்று அடையாகிறது. பழங்குடி என்று உறுதிசெய்யும் தாளையும் மக்கள் ‘சாதிச் சான்று’ என்றே கேட்பது அதன் செல்வாக்கு.

அப்படி எழுதிவைத்தவர்களில் ஒருவரான எட்கர் தர்ஸ்டன் 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய நூலை ஏழு தொகுதிகளில் வெளியிட்டார். இரு சொற்களையும் ஓர் ‘உம்’மால் இணைத்து, அனைவரையும் அகரவரிசையில் அடுக்கியதால், யார் எந்தப் பக்கம் என்று அவர் முடிவுகட்ட வேண்டியிருக்கவில்லை. மலையாளிகள் சமவெளியிலிருந்து வந்த தமிழர் என்று எழுதியவரும் அவரே.

அரசியல் சட்டத்துக்கு அந்தச் சலுகை இல்லை. பட்டியல் சாதிகளுக்கு 341-ஆவது பிரிவு, பழங்குடிகளுக்கு 342-ஆவது பிரிவு என்று அது கோடு கிழித்தது. மலையாளிகள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தார்கள். ஆனால் மலையில் ஜாகீர்தார்களின் ஆட்சி தொடர்ந்தது. கல்வராயன் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது 1976-இல்தான். பட்டியலில் பெயர் ஏறிய பிறகும் நிலமும் வரியும் பழைய கைகளிலேயே இருந்தன என்பதை இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் விட்டுவிடக் கூடாது.

பட்டியலில் மலையாளி என்ற பெயரையடுத்து அடைப்புக்குறிக்குள் தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்கள் வருகின்றன. கல்வராயன் மலை உள்ள கள்ளக்குறிச்சி பழைய தென் ஆற்காட்டைச் சேர்ந்தது. 2019-இல் தனி மாவட்டமான பிறகும் அதன் மலையாளிகளுக்கு உரிமை நீடிக்கிறது. அந்த வரிசையில் கோயம்புத்தூர் இல்லை. அதிலிருந்து பிரிந்த ஈரோட்டின் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் பழங்குடிச் சான்று கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள்.